அளவுகோல் பிடித்தவன்

ரூபேந்திரனுக்கு வயிறு எரிந்தால் அது உடனே முகத்தில் தெரிந்துவிடும். அதுதான் அவனுக்கு வாய்த்த சாபம். இடது கண் சுருங்கும், கீழுதடு பல்லுக்கடியில் போய் மாட்டிக்கொள்ளும், வாயில் ஒன்றும் இல்லாமலே தாடை மெல்லும். மச்சினன் ராஜசேகரன் புதுக் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்திய அன்றுதான் மனைவி பிரேமலா அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள். அதற்குக் ‘கார் மூஞ்சி’ என்று அன்றைக்கே பேரும் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏர்கோன் மாட்டினாலும் கார் மூஞ்சி, கூட வேலை செய்கிறவனுக்கு சூப்பர்வைசர் பதவி வந்தாலும் கார் மூஞ்சி.

ஒரு நாள் காலை உலு திராமில் முனீரின் கடையில் ரொட்டி சானாயைக் குதறிக்கொண்டு அவன் அந்த மூஞ்சியோடுதான் உட்கார்ந்திருந்தான். கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘பெக்கோக் காட்டிலிருந்து உலகக் கலைமேடைக்கு’ என்று தலைப்பு. அதன் கீழே சிரித்துக்கொண்டிருந்தவள் மெலூர்.

மெலூர் ஜாக்குன் பெண். ஜொகூரின் பூர்வக்குடி. ரூபேந்திரன் பிறந்த எஸ்டேட்டுக்கும் அவளுடைய கம்பத்துக்கும், அதாவது கிராமத்துக்கும், போக ஒரே செம்மண் ரோடுதான். பெக்கோக் இடைநிலைப்பள்ளியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பள்ளி மேடையில் ராஜா வேஷம் கட்டி வசனம் பேசி விசில் வாங்கியவன் ரூபேந்திரன். மெலூர் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். இன்றைக்குப் பாருங்கள், அவள் படங்கள் ஜப்பானுக்குப் போகின்றன, இவன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் டிரம்மில் கெமிக்கல் நிரப்பப் போகிறான். எரியுமா எரியாதா?

"காடாம் காடு! செங்கல் வீடு பாய் அவளுக்கு. வாசல்ல கார் நிக்குது, கூரையில டிஷ்ஷு நிக்குது. நானும் அதே பெக்கோக்தான் லா. ரூபன் காட்டுலேர்ந்து வந்தான்னு எவனாச்சும் எழுதுறானா?" என்று பொரிந்தான்.

முனீர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "அப்படி எழுதறது தப்புங்கறீங்களா அண்ணே, இல்ல உங்களப் பத்தி எழுதலங்கறீங்களா?"

ரூபேந்திரன் காசை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவனைப் பற்றி எழுத விஷயம் இல்லாமல் இல்லை. உலு திராமில் அவனை ‘ஆக்டர் ரூபன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்ட் இல்லாத நாட்களில் மலாய்த் தொலைக்காட்சி நாடகங்களில் தலை காட்டுவான். நல்ல கருத்த உடம்பு, சுருட்டை முடி, முட்டைக் கண். அந்த உடம்புக்கு அவர்கள் கொடுத்தது மூன்றே வேஷம்: குடிகாரன், காவல் காக்கும் ஜாகா, காட்டுமனிதன். மூன்றாவதில்தான் அவன் கில்லாடி. காட்டில் வழி தவறிய கதாநாயகியைப் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துப் பயமுறுத்த வேண்டுமா, வெள்ளைக்காரத் துரைக்குக் கைகட்டி வழி காட்ட வேண்டுமா, கூப்பிடு ரூபனை. இடுப்பில் கட்ட மரவுரி நிறத்தில் ஒரு துணி, தலைக்கு பிளாஸ்டிக் இலையில் கிரீடம், கையில் விஷ அம்பு ஊதுகிற ஆளுயர மூங்கில் ஊதுகுழல். எல்லாம் அவனுடைய சொந்தச் சரக்கு. ஒரு பையில் மடித்து அலமாரிக்கு மேலே வைத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அந்த வேஷத்துக்கு ஒரு ஜாக்குன் ஆள்கூட வந்து அவன் பார்த்ததில்லை. அவர்களைப் பார்த்தால் காட்டுவாசி மாதிரியே இல்லை, இவன்தான் அசல் மாதிரி இருக்கிறான் என்று ஒரு டைரக்டர் அவன் தோளில் தட்டிச் சொன்னதை அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் ஒரு நாடகத்திலாவது அவன் பேர் வந்ததில்லை. கடைசியில் எழுத்து ஓடும்போது டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி போய் நிற்பான். கதாநாயகன் பேர் வரும், மேக்கப் போட்டவள் பேர் வரும், சோறு கொண்டுவந்த கடைப் பேர்கூட வரும். கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று வரும். அந்தப் ‘பலரில்’தான் அவன். செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது தன் முகமும் தன் பேரும் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும் என்பது அவன் ஆசை. அதை பிரேமலாவைத் தவிர யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வாரமே மெலூர் அவனைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்கிறவர்கள், நாம் தமிழில் கேட்போம்.

"ரூபன், நான் மெலூர். ஞாபகம் இருக்கா?"

"மெலூரா? எந்த மெலூரு?" என்றான். பாருங்கள் கொழுப்பை!

"ஸ்கூல்ல ஒண்ணா படிச்சோமே. நான் ஒரு வீடியோ பண்றேன். அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் எங்க கம்பத்துக்கு வந்து எங்க ஆளுங்கள நிக்க வச்சு, அளந்து, படம் எடுத்தான்ல, அந்தக் கதை. உன்ன நாடகத்துல நெறைய தடவ பார்த்திருக்கேன். நீ நடிக்க வரணும்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. போனை வைத்ததும் அடுப்படிக்கு ஓடினான். "கேட்டியா? உலகப் பேர் வாங்குனவ, நான் இல்லாம முடியாதுங்கறா!"

"என்ன வேஷமாம்?" என்றாள் பிரேமலா.

"அதக் கேக்கணுமா? என்ன எதுக்குக் கூப்புடுவாங்க?" என்று அலமாரிக்கு மேலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டினான்.

"ஏங்க, அது அவங்க கம்பம். அங்கயே அவங்க ஆளுங்க இருப்பாங்களே?"

"இருந்தா? நடிக்கத் தெரிய வேணாமா?"

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, ஊதுகுழலைக் காரின் முன் கண்ணாடி வரைக்கும் நீட்டி வைத்துக்கொண்டு பெக்கோக்குக்குப் போனான். கம்பத்துப் பொது மண்டபத்துக்கு முன்னால் கேமரா நின்றது. மெலூர் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டி, காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாலு பேருக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துக் கையை ஆட்டி, "சாப்பிட்டியா? கொஞ்சம் இரு, வர்றேன்" என்றாள். இருப்பானா? தொழில் தெரிந்தவன் சொல்லாமலே தயாராகி நிற்பான் என்று காட்டவேண்டாமா? மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குள் பையோடு நுழைந்தான்.

இடுப்பில் துணி, தலையில் பிளாஸ்டிக் இலை, நெஞ்சில் கரிக்கோடு, கையில் ஊதுகுழல். இந்தக் கோலத்தில் முழங்காலை மடக்கி, நாடகத்தில் நடக்கிற அதே பதுங்கு நடையில் முன்னால் வந்தான்.

வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். பந்து விளையாடியவர்கள் பந்தை விட்டுவிட்டார்கள். ஒரு நாய் குரைத்தது. படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த மெலூரின் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு ஆளு?" என்று மகளைக் கேட்டார்.

கால்பந்து ஜெர்சியும் ரப்பர் பூட்ஸும் போட்டு, கையில் ஐஸ் மைலோ பொட்டலத்தோடு நின்றிருந்த மெலூரின் தம்பி செனின் கிட்டே வந்தான். செனின் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஊதுகுழலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அபாங், இத நான் டிவிலதான் பார்த்திருக்கேன்" என்றான், அண்ணன் என்று அபாங் போட்டு, ரொம்ப மரியாதையாக.

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! மண்டபம் இடிந்து விழாததுதான் குறை. ரூபேந்திரனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மெலூர் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அவன் தோளில் போர்த்தி, மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"தப்பு என்னோடது. வேஷம் என்னன்னு போன்லயே சொல்லிருக்கணும். ஜாக்குன் ஆளா செனின் நிக்கிறான். அதுக்கு எங்ககிட்ட ஆள் பஞ்சம் இல்ல ரூபன்."

"அவனுக்கு நடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அவன் அவனா நின்னா போதும்."

இதுதான் ரூபேந்திரனை உசுப்பிவிட்டது. ஒருத்தன் சும்மா நின்றாலே போதுமாம்! இவன் இருபது வருஷமாகப் புதருக்குள் கொசுக்கடியில் குந்திக் குந்தி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

"அப்ப என்ன எதுக்குக் கூப்ட்ட? எல்லாரும் சிரிக்கறதுக்கா?"

அவள் கணினியைத் திறந்து ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினாள். ஆற்றங்கரை. வெற்றுடம்போடு ஒரு ஜாக்குன் ஆள், அவர் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நெட்டை அளவுகோல். கீழே ஆங்கிலத்தில் ‘காட்டுமிராண்டி, பெக்கோக் ஆறு’ என்று அச்சடித்திருந்தது. ஊர் உண்டு, உயரம் உண்டு, பேர் இல்லை.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தாவா இருக்கலாம். இந்த ஒரு படத்த வச்சுத்தான் புஸ்தகத்துல, சினிமாவுல, உன் நாடகத்துல, எல்லாத்துலயும் எங்கள இப்படியே ஆக்கிட்டாங்க" என்றாள்.

ரூபேந்திரனின் கீழுதடு பல்லுக்கடியில் போனது. "உன் ஆளயாச்சும் வெள்ளைக்காரன் படம் எடுத்து வச்சிருக்கான். எங்களக் கப்பல்ல கொண்டாந்து ரப்பர் காட்டுல கொட்டுனானே, எங்க தாத்தனோட படத்த எவன் எடுத்து வச்சான்? உன்னத் தேடி ஜப்பான்காரன் வர்றான். என்னத் தேடி எவன் வர்றான்?"

"காட்டுமிராண்டின்னு எழுதி வச்சிருக்கான் ரூபன். அப்படி ஒரு படம் உனக்கு வேணுமா?"

"வேணும்!" என்று கத்தினான். சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

மெலூர் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். பிறகு படத்தில் ஓர் ஓரத்தைத் தொட்டாள். அளவுகோலைப் பிடித்திருந்த ஒரு கறுத்த கை. மணிக்கட்டோடு படம் முடிந்துபோயிருந்தது.

"புஸ்தகத்துல வெட்டிட்டாங்க. முழுப்படம் வெளிநாட்டு மியூசியத்துல இருந்துச்சு. ரொம்ப அலைஞ்சுதான் வாங்குனேன்" என்று அடுத்த படத்தைத் தட்டினாள்.

கைக்குச் சொந்தக்காரர் முழுசாக நின்றார். முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய வேட்டி, தலைப்பாகை, காதில் கடுக்கன். துரை கூட்டிக்கொண்டு வந்த எஸ்டேட் தமிழர். ஆனால் முகம் மட்டும் இல்லை. படம் எடுக்கிற நேரத்தில் அவர் அசைந்துவிட்டார், பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்துவிட்டார் போல. முகம் இருக்கவேண்டிய இடம் புகையாகக் கலைந்துகிடந்தது.

"அந்த ஆள் என் ஆளப் பார்க்கறப்ப என்ன நெனச்சாருன்னு எனக்குத் தெரியல. அது உங்க ஆளுக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன்" என்றாள் மெலூர்.

ரூபேந்திரன் அந்தக் கலைந்த முகத்தருகே குனிந்து பார்த்தது உண்மை. ஆனால் மறு நிமிஷமே, ஓரத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேஷமா என்று மனசு முறைத்துக்கொண்டது. இருந்தாலும் கரியைக் கழுவிவிட்டு, அவள் கொடுத்த வேட்டியைக் கட்டி, தலைப்பாகை சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான்.

செனின் அதே ஜெர்சியும் பூட்ஸுமாக வந்து நின்றான். மேக்கப் இல்லை, ஒன்றும் இல்லை. ரூபேந்திரன் அவன் பக்கத்தில் அளவுகோலை நட்டுப் பிடித்தான். கேமரா ஓடியதும் கண்ணை உருட்டினான், புருவத்தைத் தூக்கினான், பெருமூச்சு விட்டான்.

"ரூபன், ஒண்ணும் பண்ணாத. கோலப் பிடிச்சுக்க, அவ்வளவுதான்" என்றாள் மெலூர்.

மறுபடி எடுத்தார்கள். இம்முறை ஒரு சொட்டுக் கண்ணீரை வரவழைத்தான். அதற்கும் வேண்டாம் என்றாள். செனினிடம் போய், "நல்லா நிக்கிறடா" என்று ஜெர்சிக் காலரைச் சரிசெய்தாள். அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து செனினுக்குத் தண்ணீர் கொடுத்தார். கேமராக்காரன் செனினுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். லாரிக்காரப் பயலுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! வேட்டிக்காரனைக் கேட்க நாதியில்லை. வியர்வை தலைப்பாகையிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது.

மூன்றாவது தடவை கேமரா ஓடியது. செனின் நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தான். "என் பேரு செனின். எங்க அப்பா பேரு லோங். இந்த ஆத்துல குளிச்சு வளர்ந்தேன். இப்ப செம்பனை லாரி ஓட்டறேன்" என்றான். அதுவரைக்கும்தான் சொல்லிக்கொடுத்தது. கொஞ்சம் நிறுத்தி, தலைக்கு மேலே உயர்ந்து நின்ற கோலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என் உயரம் உங்களுக்கு எதுக்கு?" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக் கேட்டான்.

அம்மா முந்தானை மாதிரி தோளில் கிடந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அப்புறம் கம்பமே கை தட்டியது. முதல் படம்! முதல் நாள்! பேர் சொல்லிவிட்டான், அப்பன் பேரையும் சொல்லிவிட்டான். ரூபேந்திரன் கோலைப் பிடித்தபடியே திரும்பி செனினைப் பார்த்தான். மெலூர் ‘கட்’ சொல்லவே இல்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கண்காட்சி திறந்தார்கள். ரூபேந்திரன் பாத்திக் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு போனான். பிரேமலா பட்டுச் சேலையில் வந்தாள். ஒரு பக்கச் சுவரில் பழைய நாடகத் துண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. புதரிலிருந்து எட்டிப் பார்க்கிறவன், துரைக்குக் கும்பிடு போடுகிறவன், பாதிக்கு மேல் இவனேதான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. இவன் வேகமாக அதைத் தாண்டிப் போனான்.

எதிர்ச் சுவரில் ஆறு ஓடியது. ஆளைவிடப் பெரிதாக செனின், பக்கத்தில் கோல், அதற்குப் பக்கத்தில் வேட்டிக்காரன். செனின் பேசி முடித்ததும் கேமரா மெல்ல நகர்ந்து வேட்டிக்காரனின் முகத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இடது கண் சுருங்கியிருந்தது. கீழுதடு பல்லுக்கடியில் மாட்டியிருந்தது. தாடை மெதுவாக மென்றது.

"ஐயையோ, கார் மூஞ்சி!" என்றாள் பிரேமலா.

"கத்தாத லா" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினான். படம் முடிந்து எழுத்து வந்தது. ‘செனின்: செனின்.’ அதற்குக் கீழே, ‘அளவுகோல் பிடித்தவர்: ரூபேந்திரன்.’ மற்றும் பலர் இல்லை. முழுப் பேர், தமிழிலும் மலாயிலும். அவன் சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். எழுத்து அவன் கைமேல் ஓடியது.

மெலூர் கிட்டே வந்து, "மத்ததெல்லாம் நடிப்பு. இது ஒண்ணுதான் நெஜம். வெட்டி எடுத்துடவா, வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். உனக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

கோபம்தான். பொதுவில் அம்மணமாக நிறுத்திவிட்டாளே என்று இருந்தது. ஆனால் எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. பேர் போய்விடுமே! "இருக்கட்டும்" என்று முனகினான்.

அவள் போனதும் பின்னாலிருந்து ஒரு குரல். "அங்கிள், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? மறைக்குது." சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பெண், தோளில் கேமரா. அவன் தள்ளி நின்றான். அவள் வேட்டிக்காரனின் முகம் வருகிறவரை பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பார்வையப் பாருங்களேன். வெள்ளைக்காரன் ரெண்டு பேரையும்தான் மிதிக்கிறான், அப்பவும் இவருக்குப் பக்கத்துல நிக்கிறவர்மேல பொறாமை. எவ்ளோ பெரிய ஆக்டர்! யாரு அங்கிள் இவரு?"

பெரிய ஆக்டர்! முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லிவிட்டாள். நான்தான் என்றால் அந்தப் பொறாமையும் நான்தான் என்று ஆகிவிடும். பிரேமலா வேறு பக்கத்தில் நிற்கிறாள். ஆனாலும் எத்தனை வருஷம் காத்திருந்தவன்!

"நான்தான்மா" என்றான்.

அவள் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் நெஞ்சை நிமிர்த்தி, பல் தெரியச் சிரித்தான்.

"சும்மா சொல்லாதீங்க அங்கிள். அவரு வேற மாதிரி இருக்காரு."

"நெஜம்மா நான்தான் லா. இந்தா, பொண்டாட்டியக் கேளு."

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் ஆரவாரம். செனின் ஏறி வந்துகொண்டிருந்தான், அதே ஜெர்சியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு. கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒருத்தர் கைகொடுத்தார், இன்னொருத்தர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் குனிந்து அவனிடம் பேர் கேட்டார், செனின் பேரைச் சொன்னான். ரூபேந்திரனின் சிரிப்பு அப்படியே வற்றியது. அவன் திரும்பிப் பார்த்தான். இடது கண் சுருங்கியது.

"அலமாக்! நீங்கதான்!" என்று கூவினாள் அந்தப் பெண். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். "அங்கிள், அப்படியே இருங்க. அசையாதீங்க!"

ரூபேந்திரன் அசையவில்லை.